மாலியின் குழலும் மிஞ்சிய ஒலிநாடாக்களும்

ரி.ஆர்.மகாலிங்கம் என்றதும் கல்குடாப் பக்கத்துப் பெரியவர்களுக்கு 'ஸ்ரீவள்ளி' படத்தில் பாடி நடித்தவரே நினைவுக்கு வருவார். நான் சொல்ல வந்தது அதே பெயர்கொண்ட புல்லாங்குழல் கலைஞரை. இரசிகர்களுக்கு அவர் 'மாலி'.

1926 நவம்பர் 6இல் திருவிடைமருதூரில் பிறந்த மாலி, 7 வயதில் மயிலாப்பூரில் மேடையேறினார். புல்லாங்குழலைக் கர்நாடக இசைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் சரப சாஸ்திரி. அவருக்குப் பின் பல்லடம் சஞ்சீவ ராவ் அதை நிலைநிறுத்தினார். மாலியோ துளைகளை மூடித் திறக்கும் விரல்முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலுக்குக் கொண்டுவந்தார். சுரத்துக்குச் சுரம் தாவாமல் வழுக்கிச் செல்லும் அந்த வாசிப்பைச் சீடர் என்.ரமணி உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். மாலி 1986 மே 31இல் மறைந்தார்.

கச்சேரிக்கு வராமல் விடுவார், வந்தாலும் பாதியில் எழுந்து போவார் என்று அவரைப்பற்றிக் கதைகள் ஏராளம். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது, இப்படிப்பட்டவரின் வாசிப்பு எப்படி மிஞ்சியது என்பதுதான். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களே அடங்கும். நீண்ட ஆலாபனைக்கு அது எந்த மூலைக்கு? அவருடைய முழுக் கச்சேரிகள் இன்று கேட்கக் கிடைப்பது, பெரும்பாலும் இரசிகர்கள் ஒலிநாடாவில் பிடித்து, கைமாற்றிக் காத்ததால்தான்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டொல்பியின் கதையும் இதற்குக் கிட்டியதே. சக்ஸபோனோடு புல்லாங்குழலும் வாசித்த அவர், 1964இல் ஐரோப்பா போகுமுன் தன் ஒலிநாடாக்களை இசையமைப்பாளர் ஹேல் சிமித் தம்பதியிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு ஜூன் 29இல், 36 வயதில், பேர்லினில் இறந்துபோனார். தம்பதி காத்து வைத்தவற்றிலிருந்து 1987இல் 'அதர் அஸ்பெக்ட்ஸ்' வெளிவந்தது. தபேலா, தம்புராவோடு 1960இல் அவர் குழல் வாசித்த பதிவும் அதில் உண்டு.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பெட்டி நிறையக் கசெற்றுகள் இருந்தனவாம். 1990 இடப்பெயர்வோடு எல்லாம் போயின. அதிலிருந்த மாலியை நான் பின்னாளில் இணையத்தில் கேட்டேன். யாரோ தமிழ்நாட்டில் இன்னொரு பிரதி வைத்திருந்தார்கள். அதே பெட்டியில் எங்கள் அண்ணாவியார் ஒருவர் பாடிய வடமோடிக் கூத்துப் பாட்டுகளும் இருந்ததாகப் பெரியம்மா சொல்கிறார். அதற்கு வேறு பிரதி எவரிடமும் இல்லை.

மீள்குடியேறிய வீடுகளில் இன்னும் சில கசெற்றுகள் கிடக்கின்றன. பூஞ்சணம் பிடித்திருந்தால் உடனே ஓடவிடாதீர்கள்; அது கருவியின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நாடாவையும் கெடுக்கும். நல்ல நாடாவென்றால், பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து வயர் கொடுத்துக் கணினியில் பதியலாம். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைத் தெரிந்த பெரியவரிடம் இப்போதே கேட்டு உறையில் எழுதுங்கள். ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலக நிறுவனம், ஒலிப்பதிவுகளையும் மின்வடிவில் பாதுகாத்து வருகிறது.