எல்லோருக்குமான பாடம்: திருமுக்கூடல் முதல் நான்காம் பகுதி வரை

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பேருந்தில் ஏறிப் பழையசீவரத்தில் இறங்கிப் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடமாதலால் இப்பெயர். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே நீரைவிட மணலே மிகுதி. சில மாதங்களுக்கு முன் நம் மாணவர் இருபது பேரை அழைத்துக்கொண்டு அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்குச் சென்றிருந்தோம்.

சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய வாரம் நாம் ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். திறன் வளர்க்கும் தாள்களுக்கு நேரம் தேவைப்பட்டது; பொதுத் தமிழின் வார நேரத்தில் சிறிது எடுத்துக்கொள்ளலாமா என்பது பேச்சு. "கணினி படிக்க வந்த பையன் நெய்தல் திணையை ஏன் படிக்கவேண்டும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நாமோ மொழிப்பற்று, பண்பாடு என்று வழக்கமான சொற்களைச் சொல்லிவிட்டு அமர்ந்தோம். அவருக்கும் நிறைவில்லை, நமக்கும் நிறைவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஒருவர் எத்தொழிலுக்குப் படிக்க வந்தாலும் எல்லோரோடும் சேர்ந்து இதையும் படித்தாக வேண்டும் என்று வகுப்பது புதுவழக்கமன்று. நம் வட்டாரத்தில் அதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது.

திருமுக்கூடல் கோயிற் சுவரிலுள்ள வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 1060களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வயலைக்காவூரின் வருவாயைக் கொண்டு கோயிலில் என்னென்ன நடைபெறவேண்டும் என்று அது பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று கல்விச்சாலை. இருக்கு வேதம் கற்போர் 10 பேர், யசுர் வேதம் கற்போர் 10 பேர், வியாகரணமும் ரூபாவதாரமும் கற்போர் 20 பேர். பாஞ்சராத்திரம், சைவாகமம் முதலியவற்றைச் சார்ந்தோரையும் சேர்த்தால் நாள்தோறும் உணவு பெற்றோர் 60 பேர். ரூபாவதாரம் என்பது பாணினீயத்துள் நுழைவோருக்கென எழுதப்பட்ட இலக்கண அரிச்சுவடி. அக்காலக் கல்விக்கு அது ஒரு வாயிற்படி. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் இயங்கிய பெரிய சாலையிலும் இதே நூல் இருந்தது. அங்கே இளமாணவர் 270 பேரில் 40 பேர் ரூபாவதாரம் பயின்றனர். மேல்நிலை மாணவர் 70 பேருக்கு வியாகரணம், பிரபாகர மீமாஞ்சை, வேதாந்தம் ஆகியவை பாடங்கள்.

ஆனால் திருமுக்கூடலில் நம்மை நிறுத்திவைப்பது பாடப்பட்டியல் அன்று. அதற்கு அடுத்து வருவனவே. மாணவர் படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய், சமைப்போருக்குக் கூலி, ஆசிரியருக்கு நெல்லும் காசும். அவர்கள் நோயுற்றால் பார்க்க, வீரசோழன் என்னும் பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை. அதில் ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர், மருந்துகாய்ச்சும் பெண்கள், ஒரு நாவிதர். எதைப் படிக்கவேண்டும் என்று எழுதிய கை, படிப்பவன் எதை உண்பான் என்பதையும் எழுதாமல் விடவில்லை.

சுவரைத் தொட்டுக்காட்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, இதில் எங்கள் ஆட்கள் யாராவது படித்திருப்பார்களா?"

அவன் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வருபவன். நாம் உள்ளதைச் சொன்னோம்: மாணவர் பட்டியலில் இருக்க வாய்ப்பில்லை. அந்தப் பட்டியல் வேதம் ஓதும் உரிமை பெற்றவர்க்கானது. நெல் விளைவித்தவர், மருந்து காய்ச்சியவர், முடி மழித்தவர் எல்லாரும் இதே கல்வெட்டில் வருகிறார்கள். ஆனால் பாய் விரித்து அமர்ந்து பாடம் கேட்கும் இடத்தில் அல்லர். தமிழும் அங்கே பாடமாக இல்லை. எண்ணாயிரத்தில் திருவாய்மொழி ஓதுவோருக்கு நிவந்தம் இருந்தது, பயில்வோருக்கு இல்லை. பையன் தலையசைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் பேருந்தில் நமக்கு ஒன்று தெளிவாயிற்று. பொதுப்பாடம் என்று எதை வகுத்தாலும் அதனுள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எதைப் படிப்பது? 'எல்லோரும்' என்றால் யார் யார்? அதற்கு நெல் அளப்பவர் யார்? திருமுக்கூடல் மூன்றாம் கேள்விக்கு மிக நேர்த்தியாகவும், இரண்டாம் கேள்விக்கு மிகக் குறுகலாகவும் விடை சொன்னது. பிற்காலத்தில் நாம் இரண்டாவதை அகலப்படுத்தினோம், மூன்றாவதை மறந்தோம்.

*

மறந்தால் என்ன நேரும் என்பதற்கு எடுத்துக்காட்டும் இவ்வட்டாரத்திலேயே கிடைக்கிறது. செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மறைமலை நகர் என்றொரு நகரம் இருக்கிறது. இரயிலில் நாள்தோறும் அதைக் கடப்போர் பலர். அப்பெயருக்குரியவர் ஏன் இந்தப் பக்கம் வந்தார் என்று எண்ணுவோர் சிலரே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை நீக்கும் முயற்சி எழுந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழ்த்துறையில் இருந்த பரிதிமாற் கலைஞரும், மு. சி. பூர்ணலிங்கம் பிள்ளையும் 1902இல் அதனை எதிர்த்து நின்றனர். பரிதிமாற் கலைஞர் 1903இல் தம் முப்பத்துமூன்றாம் வயதில் மறைந்தார். 1904இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. அதையடுத்து விதிமுறைகள் மாறின. தமிழ் முற்றாக வெளியேற்றப்படவில்லை. எல்லோரும் படித்தாக வேண்டிய பாடம் என்ற நிலையை மட்டும் இழந்தது.

அந்த 'மட்டும்' எவ்வளவு பெரிது! கட்டாயம் போனால் மாணவர் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் இடங்கள் குறையும். பரிதிமாற் கலைஞர் காலத்தில், 1898இல், அக்கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த வேதாசலம், இந்த மாற்றத்தின் விளைவாக 1911இல் பணியிலிருந்து விலகிப் பல்லாவரத்துக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் மறைமலையடிகள் ஆனவர் அவரே. அவருடைய முல்லைப்பாட்டு ஆராய்ச்சி 1903லும் பட்டினப்பாலை ஆராய்ச்சி 1906லும் வெளிவந்தவை. வகுப்பறையில் பாட்டை விளக்கிய அனுபவம் அவற்றில் பேசுகிறது. தனித்துறை மாணவர் நால்வருக்காக அன்றிப் பலதுறைப் பிள்ளைகளுக்கும் தமிழ் சொல்லித்தர வேண்டியிருந்த ஒரு வகுப்பு, அத்தகைய நூல்கள் பிறக்க இடமாயிற்று. பல்லாவரத்தில் அவர் பல்லாயிரம் நூல்களைச் சேர்த்தார், அங்கிருந்தே எழுதினார், 1950இல் மறைந்தார். தமிழுக்கு அதனால் இழப்பில்லை, ஆதாயமே என்று சிலர் சொல்லக்கூடும். அவர் அளவில் அது மெய். ஆனால் 1911க்குப் பிறகு அந்த வகுப்பறை பெஞ்சுகளில் அமர்ந்த பிள்ளைகளுக்கு ஆதாயம் எது?

*

இனி முதற்கேள்விக்கு வருவோம். தொழில் கற்க வந்தவனுக்குத் தொழிலுக்கு அப்பாற்பட்டது எதற்கு? இதற்கு விடை மாமல்லபுரத்தில் இருக்கிறது.

அங்கே 1957இல் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை அரசு தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்றைய அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாகியது. அதுவரை தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசானிடமிருந்து சீடனுக்கும் கைமாறிய கலை அது. கல்லூரி என்று ஆனதும், எந்தக் குடியில் பிறந்தவனும் உளி பிடிக்கலாம் என்றாயிற்று. அதே வேளையில், உளிக்குப் பக்கத்தில் நூலும் வந்து அமர்ந்தது. கை பழகினால் போதாதா, நூலறிவு எதற்கு என்ற கேள்வி அங்கும் எழக்கூடியதே.

அக்கல்லூரியை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தியவர் வை. கணபதி ஸ்தபதி. பரம்பரைச் சிற்பிக் குடும்பத்தில் பிறந்து, கணிதமும் கற்றவர். குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை அவர் வடித்தது. அதன் மொத்த உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்கள் 133. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன்மேல் நிற்கும் சிலை 95 அடி. பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து அதிகாரங்கள் 95. அறத்தின்மீது பொருளும் இன்பமும் நிற்கவேண்டும் என்ற கருத்து அங்கே அடிக்கணக்காக மாறி நிற்கிறது. குறளைத் தனக்குத் தொடர்பில்லாத பாடம் என்று ஒதுக்கிய கையால் அந்த அளவைக் குறித்திருக்க முடியாது. பொதுப்பாடம் எந்நாள் எவ்விடத்தில் பயன்தரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது; அதனாலேயே அதை எல்லோருக்கும் வைக்கிறோம்.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1901இல் தொடங்கிய ஜோலியட் கல்லூரி முதலாக வளர்ந்த ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளிலும் இதே வழக்குத்தான். செவிலியமோ கணக்கியலோ படிக்க வருபவர் எழுத்துப்பயிற்சியும் கணிதமும் வரலாறும் எத்தனை மணி படிக்கவேண்டும் என்பது அங்கே ஓயாத விவாதம். அம்மாதிரியைத் தழுவி 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும் கதவு திறந்த அவை, தொழிற்பயிற்சியோடு வாழ்க்கைத்திறன் பாடத்தையும் சேர்த்தே வைத்தன. திருமுக்கூடல் சுவரில் இடம்பெறாதவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது.

*

நம் கலைக் கல்லூரிகளில் முதற்பகுதி தமிழ் முதலிய மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம் என்பது பழைய அமைப்பு. 2008ஐ ஒட்டி வந்த மாற்றத்தில் நான்காம், ஐந்தாம் பகுதிகள் சேர்ந்தன. பள்ளியில் தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ். பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவருக்குச் சிறப்புத் தமிழ். ஏனையோருக்குப் பிற துறைத் தாள். சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, விரிவாக்கப் பணி ஆகியவையும் உண்டு. சுற்றுச்சூழல் கல்வி வந்ததற்கு எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அளித்த தீர்ப்பு மூலம். பட்டியல் என்ற அளவில் நல்ல பட்டியலே. வணிகவியல், கணினிப் பயன்பாடு போன்ற வகுப்புகளில் பல காலமாக இரண்டு பருவத்தோடு நின்றிருந்த தமிழை நான்கு பருவமாக்கும் முடிவும் அண்மை ஆண்டுகளில் வந்தது.

நெல் அளப்பவர் யார் என்று கேட்டால்தான் குரல் தாழ்கிறது. நான்காம் பகுதித் தாள்களுக்கென ஆசிரியர் இருப்பது அரிது. எவருக்கு வாரநேரம் குறைகிறதோ அவர் தலையில் அது விழும். மொழித்தாளின் மணிநேரம் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் கௌரவ விரிவுரையாளர். கூட்டத்தில் நாம் பேசிக்கொண்டிருந்தது வாரத்துக்கு இரண்டு மணியைப் பற்றி. அந்த இரண்டு மணிக்குள் இருவரின் வீட்டு வாடகை இருந்தது. அதை எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

நம் மாணவனிடம் திரும்புவோம். முதற்பருவத்தில் நெய்தல் பாட்டு ஒன்றை நடத்தியபோது கொண்டல் என்ற சொல் வந்தது. கீழ்காற்று என்று பொருள் சொல்லி நகர்ந்தோம். அவன் எழுந்து, கொண்டல் எப்போது வீசும், கச்சான் எப்போது திரும்பும், வாடை பிடித்தால் எந்த மீன் படும், எந்நாளில் படகு இறக்கக்கூடாது என்று கால்மணி நேரம் சொன்னான். வகுப்பு வாய்மூடிக் கேட்டது. சுற்றுச்சூழல் தாளில் அவன் தேர்ச்சி பெற்றது மிகக் குறைந்த மதிப்பெண்ணில். பனியாறு உருகுவதைப் பற்றி அங்கே கேள்வி இருந்தது. 2004 திசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியதைத் தன் பாட்டி எப்படி உணர்ந்தாள் என்பதை எழுத அங்கே இடமில்லை. அந்த அலைக்குப் பின்னரே சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை அகழ்ந்து மணலுக்கடியில் செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயிலை வெளிப்படுத்தியது. அது அவன் ஊருக்கு மிக அருகில். எந்தத் தாளிலும் அதுவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் நாம் வைக்க இருப்பது இதுதான். பொதுத்தாள்கள் ஒவ்வொன்றிலும் ஓர் அலகு இம்மண்ணைப் பற்றியதாக இருக்கட்டும்: பாலாறு, கடற்கரை, கல்வெட்டு. மாணவர் தாம் அறிந்ததைக் கொண்டுவந்து வைக்கும் அலகாக அது அமையட்டும். அத்துடன், ஒவ்வொரு பொதுத்தாளின் எதிரிலும் அதைக் கற்பிப்பவர் யார், அவருக்கு ஊதியம் எந்தக் கணக்கில் என்பதும் எழுதப்படட்டும். கடைசி வரியை எழுதுவது நம் வேலையன்று என்று சொல்வார்கள். 950 ஆண்டுகளுக்கு முன் திருமுக்கூடலில் அதையும் சேர்த்தே வெட்டினார்கள்.

நண்பரின் கேள்விக்கு இப்போது நம்மிடம் விடை இருக்கிறது. கணினி படிக்க வந்த பையன் நெய்தலை ஏன் படிக்கவேண்டும்? நெய்தலிலிருந்தே வந்த பையன் ஒருவன் அவனருகில் அமர்ந்திருக்கிறான். அவர்கள் இருவரும் ஒரே பாடத்தைக் கேட்கும் மணிநேரம், வாரத்தில் அது ஒன்றுதான்.