பெயருக்குப் பின்னால் ஒரு வயலின்

மேற்கத்திய இசையை அதிகம் கேட்காதவர்களும் விவால்டி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் அன்னா மரியா பெரும்பாலும் ஒரே வரியில் வந்துபோகிறார்: விவால்டியின் சிறந்த மாணவி. அது பொய்யில்லை. ஆனால் ஏறத்தாழ 86 ஆண்டுகள் வாழ்ந்து, அதில் பல பத்தாண்டுகள் கற்பித்த ஒருவரைக் கடைசிவரை மாணவியாகவே நிறுத்திவைப்பது யாருக்கு வசதி?

வெனிஸ் நகரின் பியெத்தா, 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஆதரவற்ற குழந்தைகளின் இல்லம். அதன் சுவரில் ஒரு சிறு மாடம் இருந்தது. வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் பச்சிளங்குழந்தைகளை அதில் வைத்துவிட்டு முகம் காட்டாமல் போய்விடலாம். சிலர் பாதியாக வெட்டிய நாணயத்தையோ பதக்கத்தையோ குழந்தையோடு வைப்பார்கள், என்றைக்காவது மறுபாதியோடு திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில். 1696ஐ ஒட்டிப் பிறந்த அன்னா மரியா வளர்ந்தது இங்கேதான்.

இந்தப் பெண்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாடுகிறவருக்குக் குரலும் வாசிக்கிறவருக்குக் கருவியும் அடையாளம். ஆவணங்களில் இவர் 'வயலின் அன்னா மரியா'. தமிழ் படித்தவள் என்பதால் என் கண் இங்கே நின்றுவிடுகிறது. இயற்பெயர் தெரியாத குறுந்தொகைப் புலவரைச் செம்புலப்பெயனீரார் என்று அவர் எழுதிய உவமையாலேயே அழைக்கிறோம். தந்தை பெயர் இல்லாத இடத்தை அன்னா மரியாவுக்கு அவருடைய வேலையே நிரப்பியது.

பியெத்தாவின் ஆண்பிள்ளைகள் ஒரு தொழில் கற்று வெளியேறினார்கள். பெண்பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். அவர்களில் இசைத்திறன் உள்ளவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு இசைக்குழுவில் சேர்க்கப்பட்டார்கள். மூத்த பெண்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். கட்டணம் கட்டி வெளியிலிருந்து வந்த சிறுமிகளுக்கும் கற்பித்தார்கள். 1703இல் ஆண்டுக்கு 60 டுகாட் சம்பளத்தில் விவால்டி வயலின் ஆசிரியராகச் சேர்ந்தபோது, இந்த ஏற்பாடு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

அவருடைய வேலை, நிர்வாகிகள் வாக்களித்துப் புதுப்பிக்க வேண்டியது. 1709இல் வாக்கு அவருக்கு எதிராக விழுந்தது; 1711இல் திரும்ப அழைத்தார்கள். ஒரு மேதைக்கு நேர்ந்த அவமதிப்பாக இதைப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வெளியாசிரியர் இல்லாத நாட்களிலும் அந்த வீட்டில் பாடம் நிற்கவில்லை. அவர் இல்லாமலும் சமாளிக்கலாம் என்று நிர்வாகிகள் நினைத்திருந்தால், அந்த நம்பிக்கையைத் தந்தவர்கள் உள்ளே இருந்த பெண்கள்தான்.

அன்னா மரியா வயலினோடு செல்லோ, ஓபோ, லூட், மாண்டலின், ஹார்ப்சிகார்டு, வியோலா தமோரே ஆகியவற்றையும் வாசித்தார். 1737இல் வயலின் ஆசிரியையாகவும் இசைக்குழுவின் தலைவியாகவும் பொறுப்பேற்றார். அவர் பெயரிட்ட ஓர் இசைச்சுவடி இன்றும் வெனிஸ் இசைக்கல்லூரியில் இருக்கிறது. தனி வயலினும் வாத்தியக்குழுவும் எதிரெதிராக நின்று உரையாடும் கான்செர்ட்டோக்கள் 31 அதில் உள்ளன, பெரும்பாலானவை விவால்டியுடையவை. ஆனால் வயலின் பகுதி மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கான்செர்ட்டோக்களில் சில வேறெங்கும் கிடைக்கவில்லை. குருவின் இசையில் ஒரு பகுதி இன்று நமக்கு மிஞ்சியிருப்பது இவருடைய சுவடியால்தான்.

இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. இந்தப் பெண்கள் உயரத்தில், கம்பித்தட்டிகளுக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்தவர்கள் கேட்டு மயங்கினார்கள். இல்லத்துக்கு நன்கொடை சேர்ந்தது. திருமணம் செய்துகொண்டு வெளியேறும் பெண்ணுக்குச் சீர்ப்பணம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு பொதுவில் வாசிப்பதில்லை என்று உறுதி தர வேண்டும். கணவனா, வயலினா? இரண்டும் வேண்டும் என்று ஒரு பெண் சொல்ல அங்கே இடமில்லை. விவால்டி ஊர் ஊராகப் போய் ஓபரா நடத்தினார், 1741இல் வியன்னாவில் இறந்தார். அன்னா மரியாவின் கலைவாழ்வு ஒரே இல்லத்துக்குள் நடந்து முடிந்தது.

ஆனாலும் அந்தச் சுவர்களுக்குள் ஒரு வழிமுறை வளர்ந்தது. 1718இல் கைக்குழந்தையாக வந்த கியாராவும் இவரிடம் வயலின் கற்றவர். அவரும் குடும்பப்பெயர் இல்லாமல் புகழ்பெற்றார். அவருக்கும் ஓர் இசைச்சுவடி உண்டு. பெற்றவர் யாரென்று தெரியாத ஒருத்தியிடமிருந்து பெற்றவர் யாரென்று தெரியாத இன்னொருத்திக்குக் கலை போய்ச் சேர்ந்திருக்கிறது. தந்தை, மகன், பேரன் என்று எழுதப்படும் இசை வரலாற்றில் இதைச் சொல்லத் தனிச் சொல்கூட இல்லை.

1782 ஆகஸ்டில் அன்னா மரியா இறந்தார். விவால்டி இறந்த பிறகு அவர் 41 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அந்த 41 ஆண்டுகளையும் 'மாணவி' என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?