கள்ளுக்கடை வாசலில் ஒரு வரவு செலவுக் கணக்கு

2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்நாட்டு அரசு தன் நிதிநிலை பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அத்தனை பக்கங்களிலிருந்தும் மக்கள் மனதில் தங்கியது ஒரே ஓர் எண்தான்: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். அடுத்த சில நாட்களுக்குப் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் அதே பேச்சு. இலவசங்களை நிறுத்தினால் கடன் தீரும் என்றார் ஒருவர். பெண்களுக்கு எதற்குக் கட்டணமில்லாப் பேருந்து என்றார் இன்னொருவர். அந்தப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போகும் துப்புரவுப் பணியாளர் அதே அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அரசின் கடன், வரி, செலவுக் குறைப்பு ஆகியவை குறித்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசும்போது 'மக்கள்' என்ற சொல்லுக்குள் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? பெண்களுக்கு இதில் கருத்தே இருந்ததில்லை என்பது உண்மையல்ல. நூறு ஆண்டுகளாக அவர்கள் அரசின் கருவூலத்தைப் பற்றித் தெருவில் நின்று பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சைத் தேசபக்தி என்றும், ஒழுக்கம் என்றும், குடும்பப் பிரச்சினை என்றும் வரலாறு வேறு வேறு தலைப்புகளில் எழுதி வைத்துவிட்டது. நிதி பற்றிய கருத்து என்ற தலைப்பில் மட்டும் எழுதவில்லை. இக்கட்டுரை குடியையும் கருவூலத்தையும் இணைக்கும் ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றார்கள். மறியலை நிறுத்துவது என் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்களைத்தான் கேட்க வேண்டும் என்று காந்தி சொன்னதாக ஒரு செய்தி இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. அந்தப் பெருமையோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அந்தக் கடை வாசலில் எந்தப் பணம் தடுக்கப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை.

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி வந்தது. நிலவரி, காவல்துறை போன்றவற்றை ஆளுநர் தரப்பு வைத்துக்கொண்டது. கல்வியும் பொதுச் சுகாதாரமும் இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்டன. அவற்றோடு கலால் துறையும் வந்து சேர்ந்தது. கள்ளும் சாராயமும் விற்றால் பள்ளிக்கூடம் நடத்தலாம், விற்காவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பணமில்லை என்ற நிலை சட்டத்தின் அமைப்பிலேயே உருவானது. நம் பிள்ளைகளின் படிப்புக்குக் குடிவருமானத்தை நம்ப வேண்டியிருப்பதன் கொடுமையைக் காந்தி 1937இல் எழுதினார். ஆகவே கள்ளுக்கடை வாசலில் நின்ற பெண் ஒரு குடிகாரனை மட்டும் மறிக்கவில்லை. எந்த வருவாயில் அரசு நடக்கலாம், எதில் நடக்கக் கூடாது என்று ஒரு கருத்தைச் சொன்னாள்.

1930இல் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது ருக்மிணி லட்சுமிபதி சிறை சென்றார். உப்பு வரி அடுப்படிக்குள் வந்து நிற்கும் வரி. ஏழை வீட்டுக் கஞ்சிக்கும் பணக்கார வீட்டு விருந்துக்கும் உப்பு ஒன்றுதான். உப்புக்காக நின்ற பெண்ணைத் தேசபக்தை என்றோம், கள்ளுக்கடையை மறித்த பெண்ணை ஒழுக்கத்தின் காவலாள் என்றோம். இருவரும் பேசியது வரியைப் பற்றி.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பிறகு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் பரவியது. கலால் வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்த மாகாணம் சென்னைதான். அரை சதவீதம் என்ற சிறிய அளவில்தான் தொடங்கியது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, சட்டசபையில் குரல் இருந்தது. அவர்களது எதிர்ப்பு நிதி பற்றிய கருத்தாகவே பதிவானது.

சேலத்துக் கூலிக்காரர் ஒருவரின் மனைவிக்கு இந்த மாற்றம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணவனின் கூலியில் கள்ளுக்கடைக்குப் போன பங்கு வீட்டுக்கு வருகிறது. அதே சமயம் வாங்கும் துணியிலும் எண்ணெயிலும் ஒரு துளி வரி ஏறுகிறது. இந்தப் பேரத்தில் அவள் பக்கம் மிஞ்சியதா, குறைந்ததா? அதைச் சொல்லக்கூடியவள் அவள் மட்டுமே. ஆனால் அவளிடம் வாக்குச்சீட்டு இல்லை. 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்த மாகாணம் என்று சென்னைக்குப் பெருமை உண்டு. அந்த வாக்குரிமைக்குச் சொத்தும் வரியும் தகுதியாக இருந்தன. 1935ஆம் ஆண்டுச் சட்டம் கதவைச் சற்று அகலத் திறந்தாலும், நிலமும் எழுத்தும் இல்லாத கூலிப்பெண் வெளியேதான் நின்றாள். விற்பனை வரி அவளிடம் தகுதி பார்க்கவில்லை.

இதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்க்காலத்தில், காங்கிரஸ் அமைச்சரவை விலகியிருந்த நாட்களில், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அதை ஈடுகட்ட வந்த விற்பனை வரி தங்கிவிட்டது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு இழப்பீடு தர முன்வந்த மத்திய அரசு, ஏற்கெனவே கடைப்பிடிக்கும் தமிழ்நாட்டுக்குத் தர மறுத்தது அப்போது காரணமாகச் சொல்லப்பட்டது. முதுமையில் ராஜாஜி முதல்வரை நேரில் சந்தித்து வேண்டாம் என்றார். 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மீண்டும் திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது.

ஒவ்வொரு முறை கடை திறந்தபோதும் சொல்லப்பட்ட காரணம் கருவூலம். ஒவ்வொரு முறை மூடியபோதும் சொல்லப்பட்ட காரணம் தாய்மார்களின் கண்ணீர். ஆண்களின் முடிவுக்கு நிதி என்று பெயர், பெண்களின் கோரிக்கைக்குக் கண்ணீர் என்று பெயர். இந்தப் பாகுபாட்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இதை உடைத்துக் காட்டிய பெண்கள் நமக்கு வடக்கே, நெல்லூர் மாவட்டத்தில் இருந்தார்கள். பழைய சென்னை மாகாணத்தின் ஊர்தான் அது. 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. இரவு வகுப்பில் படித்த பாடங்களில், ஊர்ப்பெண்கள் திரண்டு சாராயக் கடையை மூடவைத்த கதை ஒன்று இருந்தது. தூபகுண்டா என்ற ஊரின் பெண்கள் அதைச் செய்தே காட்டினார்கள். 1992இல் அது மாவட்டமெங்கும் பரவியது. அவர்கள் கடையோடு நிற்கவில்லை. அரசு நடத்தும் சாராயக் கடை ஏலத்தையே நடக்கவிடாமல் தடுத்தார்கள். ஏலம் என்பது கருவூலத்தின் வாசல் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடிநீர் வராத ஊருக்கும் சாராயப் பாக்கெட் தவறாமல் வருகிறதே என்பது அவர்களின் கேள்வி. அரசு எதற்குச் செலவிடுகிறது, எதிலிருந்து சம்பாதிக்கிறது என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக் கேட்ட கேள்வி அது.

1993இல் ஆந்திராவில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. அடுத்த ஆண்டே சந்திரபாபு நாயுடு அரசு மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கைகள் வெளியிட்டு, விவாதத்துக்கு அழைத்தது. கிலோ 2 ரூபாய் அரிசி 3 ரூபாய் 50 காசு ஆனது. 1997இல் மதுவிலக்கும் தளர்த்தப்பட்டது. அரிசி விலை ஏறியதும் மது திரும்பியதும் ஒரே காரணத்தின் பேரில், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. இரண்டு சுமையும் இறங்கிய இடம் ஒரே சமையலறை. மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது உண்மை. ஏலத்தைத் தடுத்த பெண்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருந்த கருத்து அந்தக் கணக்கில் சேரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெண்கள் அனைவரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். மதுவிலக்கு வந்தபோதெல்லாம் பனையேறும் குடும்பங்களின் பிழைப்புப் போனது. அந்த வீட்டுப் பெண்களுக்கு ஈடு என்ன என்று கேட்டவர்கள் குறைவு. கள்ளச்சாராய வழக்குகளில் நீதிமன்றப் படியேறியவர்களில், வேறு வழியில்லாமல் விற்ற ஏழைப் பெண்களும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்தால் இறந்தார்கள், இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மதுவிலக்கே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று வாதிட நான் வரவில்லை. தீர்வு எதுவானாலும், அரசின் வருவாயைப் பற்றிப் பேச இந்தப் பெண்களுக்கு உள்ள தகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

அந்தத் தகுதிக்கு என்ன பதில் கிடைத்தது என்பதற்கு 2017ஐப் பார்க்கலாம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஏப்ரல் மாதம் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. வருவாயை விட மனமில்லாமல் அவற்றை ஊருக்குள் திறக்க முயன்றபோது பல ஊர்களில் பெண்கள் மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியலில் நின்ற பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வரி பற்றி வணிகர் சங்கம் பேசினால் பேச்சுவார்த்தை நடக்கும். அந்தப் பெண்ணுக்கு அறை கிடைத்தது.

டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 2003-04இல் சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24இல் 45,800 கோடிக்கு மேல். மகளிர் உரிமைத் தொகைக்கு 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது 13,720 கோடி. மதுவில் வருவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடன் சுமை பற்றிய விவாதத்தில் முதலில் கைகாட்டப்படுவது மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பெண்தான்.

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களைக் கவனிப்பது என் வழக்கம். கட்டணமில்லாப் பேருந்தில் ஏறும் பெண்ணை 'ஓசி' என்கிறார்கள். கம்பெனி ஆட்சியில் அரசுத் தபால்களில் தபால் கட்டணமின்றிச் செல்ல இட்ட முத்திரையின் எழுத்துகளிலிருந்து இச்சொல் வந்ததாகச் சொல்வார்கள். அது சரியென்றால், முதலில் ஓசியில் போனது அரசாங்கமே. 'இலவசம்' என்ற சொல்லை மாற்ற 'விலையில்லா' என்றது ஓர் அரசு. 'உரிமைத் தொகை' என்கிறது இன்னோர் அரசு. பெயர் மாறினாலும் இளக்காரம் மாறவில்லை. மிக்சியும் கிரைண்டரும் தருவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அப்படி வாக்குறுதி தருவது முறைகேடு ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் போன மணிநேரங்களை யாராவது ரூபாயில் கணக்கிட்டு அந்த வழக்கில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரி பற்றிய கருத்தாகவே கேட்கப்பட்ட பெண்குரல் ஒன்றும் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டார்கள். குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரியில்லை. நாடெங்கும் பெண்கள் எதிர்த்தார்கள், ஓராண்டில் வரி நீங்கியது. பேசியவர்களில் பலர் ஆங்கிலம் அறிந்தவர்கள், சம்பளம் வாங்குபவர்கள். சாமளாபுரத்துப் பெண்ணுக்கும் இவர்களுக்கும் உள்ள தூரத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

ஒருமுறை வகுப்பில், வீட்டின் ஒரு மாத வரவு செலவை எழுதி வரச் சொன்னேன். பெரும்பாலும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவிகள். குழுக்கடனின் வாரத் தவணை முதல் காஸ் விலை வரை துல்லியமாக எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி செலவுப் பட்டியலில் 'அப்பா' என்று மட்டும் எழுதி எதிரே 4,500 என்று போட்டிருந்தாள். அந்த 4,500இன் பெரும்பகுதி அரசின் கணக்கில் 'வருவாய்' என்ற தலைப்பில் இருக்கிறது.

அரசின் கடனைக் குடும்பக் கடனோடு ஒப்பிட்டுப் பேசுவது எளிது. அது சரியான ஒப்பீடு அல்ல. அரசு வரி போடலாம், நீண்ட காலத்துக்குக் கடன் வாங்கலாம், பள்ளிக்கூடத்தில் இட்ட முதலைத் தலைமுறைகள் கழித்தும் திரும்ப எடுக்கலாம். குடும்பத்தில் பற்றாக்குறை வந்தால் ஈடுகட்டுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் வயிறும் உழைப்பும். அரசு செலவைக் குறைக்கும்போதும் அதே பெண்ணிடம்தான் வருகிறது. மருத்துவமனையில் ஆள் குறைந்தால் நோயாளிக்கு அருகே இருப்பது அவள். 1982இல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தைக் கஜானாவைக் காலி செய்யும் திட்டம் என்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள். சமைக்க அமர்த்தப்பட்ட பெண்கள், விதவைகளும் ஆதரவற்றவர்களும் அவர்களில் பலர், முறையான ஊதியம் கேட்டு இன்றும் போராடுகிறார்கள். அத்திட்டம் சிக்கனமாக நடப்பதன் ரகசியம் அவர்களின் குறைந்த கூலி.

ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கைக்கு முன் தொழில் அமைப்புகளையும் வணிகர் சங்கங்களையும் அழைத்துக் கருத்துக் கேட்பது வழக்கம். அந்த மேசையில் சத்துணவு ஊழியருக்கும், குழுத் தலைவிக்கும், கடையை மறித்த ஊர்ப்பெண்ணுக்கும் நாற்காலி போட வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை 'குடும்பத்துக்கு இவ்வளவு கடன்' என்று செய்தி வரும்போது, அந்தக் கடனில் எவ்வளவு எங்கள் கூலியில்லா உழைப்பால் ஏற்கெனவே அடைக்கப்பட்டது என்று கேட்போம். மாணவிகள் இதை ஆய்வுத் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர் மறியலில் நின்ற பெண்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கண்ணீரைப் பற்றிக் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள்.