உரம் விழுதல்

உரம் விழுதல் என்பது, கைக்குழந்தை காரணம் புலப்படாமல் நெடுநேரம் வீறிட்டு அழுவதற்கும் பால் குடிக்க மறுப்பதற்கும் தமிழ்நாட்டு மக்கள் வழக்கில் கூறப்படும் காரணமாகும். குழந்தையைத் தூக்கும்போதோ கிடத்தும்போதோ கழுத்து, தோள், முதுகு ஆகிய இடங்களில் தசை அல்லது நரம்பு பிசகிவிடுவதே உரம் என நம்பப்படுகின்றது. இதனை நீக்கும் செயல் உரம் எடுத்தல் எனப்படும். நவீன மருத்துவத்தில் இதற்கு இணையான தனி நோய் எதுவும் இல்லை. உரம் எனக் கருதப்படும் அழுகைகளில் பெரும்பாலானவை தாமாகவே அடங்குபவை. சில மட்டும் உடனடி மருத்துவம் தேவைப்படும் நோய்களின் அறிகுறிகளாகும்.

வழக்கம்

இந்நம்பிக்கை சிற்றூர்களில் மட்டுமன்றி மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளிலும் காணப்படுகின்றது. பெரும்பாலும் அனுபவம் வாய்ந்த முதிய பெண்களே உரம் எடுப்பர். பழைய வேட்டி அல்லது சேலையின் நடுவில் குழந்தையைக் கிடத்தி, இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு இப்புறமும் அப்புறமும் உருட்டுவது பரவலான முறையாகும். முறத்தில் கிடத்தி அசைத்தல், எண்ணெய் தடவி நீவுதல் ஆகியனவும் உண்டு. சில இடங்களில் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் உண்டு.

அழுகையின் இயல்பு

நலமான குழந்தையும் நாள்தோறும் அழும். அமெரிக்க மருத்துவர் பிரேசில்டன் 1962 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அழும் நேரம் பிறந்த சில வாரங்களில் கூடிக்கொண்டே சென்று, ஆறாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2¾ மணி நேரமாக உச்சம் அடைந்து, பின்னர் குறைவது தெரியவந்தது. மாலையிலும் முன்னிரவிலும் அழுகை மிகுதியாக இருக்கும்.

நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அழுகையைக் கோலிக் என வெசல் என்பவர் 1954 இல் வரையறுத்தார். இதன் காரணம் இன்றும் முழுமையாக அறியப்படவில்லை. பெரும்பாலான குழந்தைகளில் இது மூன்று அல்லது நான்கு மாதங்களில் தானாகவே மறைந்துவிடும்.

உரம் எடுத்தால் குணமாகும் என்னும் நம்பிக்கை நிலைபெற்றதற்கு இவ்வியல்பும் ஒரு காரணம் எனலாம். அழுகை உச்சத்தில் இருக்கும்போதே உரம் எடுப்பவர் அழைக்கப்படுகிறார். அதன்பின் அழுகை குறைவது இயல்பாக நிகழக்கூடியது. ஆயினும் அப்பயன் உரம் எடுத்ததற்கே உரியதாகக் கொள்ளப்படுகின்றது. மேலும் அணைத்தல், மெல்ல ஆட்டுதல், வருடுதல் ஆகியன எந்தக் குழந்தையையும் ஓரளவு அமைதிப்படுத்தும்.

பொதுவான காரணங்கள்

* பசி, ஈரத்துணி, தூக்கக் கலக்கம்
* கோடை வெப்பம், இறுக்கமான உடை
* மூக்கடைப்பு, காதுவலி
* தடுப்பூசிக்குப் பின் வரும் வலியும் காய்ச்சலும்
* கை, கால் விரலில் தலைமுடி இறுகச் சுற்றிக்கொள்ளுதல்

தலை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது பிறவிக் கழுத்துச் சாய்வாக இருக்கலாம். இதனை இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளால் பெரும்பாலும் சரிசெய்ய முடியும்.

தீங்குகள்

கைக்குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. ஆகவே பலமாகக் குலுக்கினால் மூளையைச் சுற்றியும் விழித்திரையிலும் குருதி கசியக்கூடும். இதனால் பார்வை இழப்பும் இறப்பும் நேரலாம். மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது பொட்டுலினம் என்னும் நச்சு நோய்க்கு வழிவகுக்கலாம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதால், உரை மருந்து, கழுதைப்பால் போன்றவை தவிர்க்கத்தக்கவை.

இவற்றினும் பெரிய தீங்கு காலதாமதம் ஆகும். குடல் செருகல் என்னும் நோயில் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு, கால்களை மடக்கி அழும், இடையில் சோர்ந்து கிடக்கும், வாந்தி எடுக்கும், பின்னர் மலம் குருதி கலந்து கூழ்போல் வெளியேறும். இதனை உரம் எனக் கருதிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவரை நாடவேண்டிய அறிகுறிகள்

* மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்
* பால் குடிக்க மறுத்தல், வழக்கத்துக்கு மாறான சோர்வு
* மூச்சு வேகம் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் (இரண்டு மாதம் வரை), 50 அல்லது அதற்கு மேல் (2 முதல் 12 மாதம் வரை). மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல்
* வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல்
* பச்சை நிற வாந்தி, மலத்தில் குருதி
* உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் நிறம்
* தொடையிடுக்கில் கடினமான வீக்கம்

நோய் கடுமையானால் குழந்தை அழுகையைக் குறைத்து முனகத் தொடங்கலாம். எனவே முன்பு உரக்க அழுத குழந்தை துவண்டு அமைதியானால், அதனை நலம் என்று கொள்ளலாகாது.

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் உள்ளோர்க்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை முதன்மையான உயர் சிகிச்சை நிலையமாகும். இது சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தது. நெருக்கடி நேரத்தில், 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 அவசர ஊர்திச் சேவையைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

மேற்கண்ட அறிகுறிகள் இல்லாதபோது பாலூட்டுதல், ஏப்பம் விடச்செய்தல், தோளில் சாய்த்து நடத்தல், தூளியில் மெல்ல ஆட்டுதல் ஆகியவற்றைச் செய்து பார்க்கலாம். கனடாவில் 1986 இல் வெளியான ஆய்வொன்றில், அழாத வேளையிலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதன. எனினும் கோலிக் ஏற்கனவே தொடங்கிவிட்ட குழந்தைகளிடம் இம்முறை பயன் தரவில்லை என 1991 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அழுகையால் பொறுமை இழக்கும் தாய், குழந்தையைப் பிறரிடம் கொடுத்துவிட்டோ பாதுகாப்பாகக் கிடத்திவிட்டோ சற்று விலகி இருப்பது, குலுக்கிவிடும் ஆபத்தைத் தவிர்க்கும்.

இவற்றையும் பார்க்க

* தாய்ப்பால் ஊட்டல்
* தடுப்பூசி
* குடல் செருகல்