லட்சத்தீவு–சாகோஸ் கடலடி மலைத்தொடரும் பவளப்பாறை மீன்களின் பரவலும்

லட்சத்தீவில் தொடங்கி மாலத்தீவு வழியே சாகோஸ் வரை ஏறத்தாழ 2,500 கி.மீ. நீளத்திற்குக் கிடக்கும் கடலடி மலைத்தொடரின் வரலாறு, தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிய காலத்தோடு பிணைந்தது. புவியின் ஆழத்திலிருந்து ஓரிடத்தில் நெடுங்காலம் மேலெழும் வெப்ப ஊற்றைப் புவியியலாளர் வெப்பப்புள்ளி என்பர். இன்று ரீயூனியன் தீவுப் பகுதியில் உள்ள அத்தகைய புள்ளியின்மேல் இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தபோது, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராட்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் பசால்ட் பாறை அடுக்குகள் படிந்தன. தட்டு மேலும் நகர நகர, அவற்றுக்குத் தெற்கே கடலில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1987-இல் கடலடியைத் துளைத்து எடுத்த பாறைகள் மாலத்தீவுப் பகுதியில் ஏறத்தாழ 5.7 கோடி, சாகோஸ் பகுதியில் 4.9 கோடி ஆண்டு அகவையைக் காட்டின.

ஓய்ந்த எரிமலைகள் மெல்ல அமிழ, அவற்றின் உச்சியில் பவளம் மேல்நோக்கி வளர்ந்தது என்னும் விளக்கத்தைச் சார்லஸ் டார்வின் 1842-இல் முன்வைத்தார். 1899–1900-இல் விலங்கியலாளர் ஸ்டான்லி கார்டினர் லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் திரட்டிய மாதிரிகள் மீன் ஆய்வுக்கும் அடித்தளமாயின. பின்னர் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோடு தொடர்புடைய எஸ். ஜோன்ஸ், எம். குமரன் ஆகியோர் 1980-இல் லட்சத்தீவின் 603 மீனினங்களை விவரித்து நூலாக்கினர். இந்தியக் கடல் ஆய்வில் அதற்கு ஈடான உழைப்பு அரிது.

பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை வளர்ந்தபின் தம் பாறையை விட்டு அகல்வதில்லை. அவற்றைப் பரப்புவது, முட்டையிலிருந்து வெளிவந்து நீரோட்டத்தில் மிதக்கும் இளவுயிரிப் பருவமே. அப்பருவம் பல வாரங்கள் நீளும் நீலநிறச் சர்ஜன் மீன், ஆப்பிரிக்கக் கரை முதல் அந்தமான் கடல் வரை ஒரே இனமாக வாழ்கிறது. கடற்சாமந்தியில் குடியிருக்கும் கோமாளி மீனுக்கோ அப்பருவம் ஏறத்தாழ பத்து நாளே என்பதால், அடுத்த திட்டு எட்டும் தொலைவில் இருந்தாலொழிய அதன் பரவல் அங்கேயே நின்றுவிடும். லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கைக் கடல்களில் வாழும் கருந்துடுப்புக் கோமாளி மீனுக்கு மாறாக, சாகோசில் அத்தீவுகளுக்கேயுரிய வேறொரு கோமாளி மீனினம் காணப்படுவதற்கு, இடையிலுள்ள ஏறத்தாழ 500 கி.மீ. அகலமான ஆழ்கடலே முதன்மைக் காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

இவ்விடைவெளிகள் எக்காலத்தும் ஒரே அளவில் இருந்தவை அல்ல. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, லட்சத்தீவின் வடபகுதியில் இன்று நீருக்குள் கிடக்கும் பாசஸ் டி பெட்ரோ, செசோஸ்ட்ரிஸ் திட்டுகளின் மேற்பரப்பு நிலமாகவும், அவற்றின் சரிவுகள் பவளம் வளரத்தக்க ஒளிபுகும் ஆழத்திலும் அமைந்திருக்கும். ஆகவே வரைபடத்தில் தீவுகளை மட்டும் எண்ணி மீன்பரவலை ஆராய்வது போதாது. மூழ்கிய திட்டுகளையும் வழித்தங்கலாகக் கொள்ளவேண்டும். பிரேசிலின் விட்டோரியா–டிரின்டாடே கடலடி மலைத்தொடரை ஆராய்ந்து ஹட்சன் பின்ஹெய்ரோவும் உடன் ஆய்வாளரும் 2017-இல் வெளியிட்ட முடிவு இதற்கு வலுச்சேர்க்கிறது: கடல் தாழ்ந்த காலத்தில் மலையுச்சிகளைப் பற்றித் தொலைதீவை அடைந்த மீன்கள், கடல் உயர்ந்தபின் தனிமைப்பட்டுப் புதிய இனங்களாயின.

அக்குழுவில் இருந்த லூயிஸ் ரோச்சாவும் மாலத்தீவின் அகமது நஜீபும் பங்கேற்ற ஆய்வொன்று, மாலத்தீவுக் கடலில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழும் ஒரு செந்நிற மீனை 2022-இல் புதிய இனமாக அறிவித்து, அந்நாட்டின் திவேகி மொழியில் இளஞ்சிவப்பு ரோஜாவைக் குறிக்கும் ஃபினிஃபென்மா என்னும் பெயரைச் சூட்டியது. கோமாளி மீனோடு குடும்ப உறவற்ற இம்மீன், அதுவரை சாகோசில் வாழும் இனமாகவே கருதப்பட்டுவந்தது; இரண்டும் வேறெனத் தெளிந்தபோது, அவற்றின் வாழ்விட எல்லையும் மாலத்தீவுக்கும் சாகோசுக்கும் இடையிலான அதே ஆழ்கடலில் அமைந்திருந்தது.