நானூறாம் இலக்கப் பூனை



கடலிலே நஞ்சு கலந்துள்ளதென்பதை மினமாற்றா மக்களுக்கு முதலில் உணர்த்தியவை ஆய்வுக் கருவிகள் அல்ல, பூனைகளே. யப்பானின் தென்பாகத்திலுள்ள அக்கரையோர ஊரில், மீன் தின்ற பூனைகள் பித்தேறியவை போற் சுழன்று வீழ்ந்து மடிந்தன. பின்னர் மனிதரும் நடை தளர்ந்து, நாக்குழறி, பார்வை குன்றினர். 1956 மே 1ஆந் திகதி, அவ்வூர் இரசாயனத் தொழிற்சாலைக்குரிய வைத்தியசாலையின் தலைவர் ஹொசொகாவா, காரணம் அறியப்படாத இந்நோயைச் சுகாதாரப் பகுதியினர்க்கு அறிவித்தார்.

குமமோற்றோப் பல்கலைக்கழக அறிஞர் ஆராயப் புகுந்தனர். மங்கனீசோ, செலேனியமோ, தாலியமோ என ஐயுற்று ஆண்டுகள் சில கழிந்தன. ஈற்றில், 1959 யூலையில், நோய்க்குக் காரணம் சேதனப் பாதரசமே என வெளியிட்டனர். கழிவுநீர் வாய்க்காலின் முகத்துவாரச் சேற்றில் தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ பாதரசம் இருந்தது. சேற்றிலிருந்து மட்டிக்கும் மீனுக்கும், அவற்றிலிருந்து உண்டவர் மூளைக்கும் நஞ்சு சென்ற வழி புலனாயிற்று.

சிசோ என்னும் அக்கம்பனியோ, தான் பயன்படுத்துவது அசேதனப் பாதரசமே என மறுத்தது. ஆனால், அதன் வைத்தியசாலையிலேயே ஹொசொகாவா ஒரு பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தார். 400ஆம் இலக்கப் பூனையின் உணவில் தொழிற்சாலைக் கழிவுநீரை நாடோறும் கலந்து கொடுத்தார். ஒக்ரோபரில் அப்பூனையும் அதே நோய்க்கு ஆளாயிற்று.

முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைக்கப்பட்டது. கம்பனி அம்முடிவை வெளியிடவில்லை. அவ்வாண்டு திசெம்பரில், நோயுற்ற குடும்பங்களுக்குச் சிறு 'அனுதாபப் பணம்' வழங்கி, கழிவுநீரே காரணமென்று பின்னர் தெளிவாயினும் மேலும் இழப்பீடு கோருவதில்லை என ஒப்பந்தம் செய்துகொண்டது. பாதரசக் கழிவோ 1968 வரை கடலிற் சேர்ந்துகொண்டேயிருந்தது. அவ்வாண்டு செத்தெம்பரிலேதான் அரசாங்கம் உண்மையை ஏற்றது.

1970இல், மரணப் படுக்கையிற் கிடந்த ஹொசொகாவா பூனையின் கதையை நீதிமன்றத்துக்குச் சாட்சியமாக உரைத்தார். 1973 மார்ச்சில் நீதிமன்றம் கம்பனியைப் பொறுப்பாளியாக்கி, அவ்வொப்பந்தத்தையும் செல்லாததாக்கியது.

நேயர்களே, அங்கே பரிசோதனை பொய்க்கவில்லை. அதன் விடை பூட்டி வைக்கப்பட்டது. பூட்டியிருந்த காலத்திலும் கழிவு கடலிற் சேர்ந்துகொண்டேயிருந்தது. நஞ்சு கலந்த நீரைச் சோதிப்பவர் எவராயினும், அதன் முடிவு அந்நீரை நம்பி வாழ்வோர்க்கே முதலில் உரியது. இதுவே மினமாற்றா நமக்கு விட்டுச்சென்ற பாடம்.