சைப்ரஸ் தேவாலயம் கேட்ட சான்றிதழ்

சைப்ரஸ் தீவில் மெஹ்மத் அஸீஸ் என்ற சுகாதார ஆய்வாளர் 1946 முதல் சில ஆண்டுகளிலேயே மலேரியாவை ஒழித்த கதையைப் போன பதிவில் சொன்னேன். அதன் மறுபாதி இது.

மலேரியா போனது. ஆனால் பல நூற்றாண்டுகளாக அந்த மக்களின் ரத்தத்தில் அது விட்ட தடம் போகவில்லை. தாலசீமியா மரபணு ஒன்று இருப்பவரை மலேரியா எளிதில் கொல்லாது. அதனால் அது பெருகி, ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் அதைச் சுமப்பவரானார். அவருக்கு ஒரு குறையும் தெரியாது. சுமக்கும் இருவர் மணந்தால்தான் சிக்கல்.

வகுப்பில் நான் புளியங்கொட்டை வைத்துச் சொல்வேன். அம்மாவிடம் இரண்டு கொட்டை, அப்பாவிடம் இரண்டு. இருவரிடமும் ஒன்றில் சுண்ணாம்பு தடவியிருக்கும். கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுத்துப் பிள்ளை கையில் வைத்தால், இரண்டுமே வெள்ளையாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு கருவுக்கும் புதிதாக எடுக்க வேண்டும். மூத்ததற்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது.

அப்படிப் பிறந்த பிள்ளைக்கு மாதம் தவறாமல் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்தில் படியும். அதை வெளியேற்ற, அந்நாளில் வாரத்தில் பெரும்பாலான இரவுகள் தோலுக்கடியில் ஊசி வைத்து, மணிக்கணக்கில் மருந்து செலுத்த வேண்டியிருந்தது. 1970-களில் மருத்துவர்கள் கணக்குப் பார்த்தார்கள். நோயோடு பிறப்பது இப்படியே தொடர்ந்தால், சில பத்தாண்டுகளில் அந்தச் சிறு தீவின் ரத்தமும் மருந்துச் செலவும் கட்டுப்படியாகாது. இருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற, இனிப் பிறப்பதைக் குறைக்க வேண்டும்! என்ன கொடுமையான கணக்கு பாருங்கள்.

சோதனை செய்து, சுமப்பவர்களிடம் "உங்களுக்குள் மணக்காதீர்கள்" என்று சொன்னால் போதாதா? கிரேக்கத்தில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் அரிவாள் செல் நோய்க்கு அப்படிச் செய்து பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, சுமப்பவர் என்று தெரிந்தவர்களுக்கு இழுக்கு வந்திருந்தது. சிலர் மறைத்தார்கள். சுமப்பவர்கள் தங்களுக்குள் மணப்பது மட்டும் குறையவில்லை.

சைப்ரஸ் வேறு வழியில் போனது. அந்நாளில் கிரேக்க சைப்ரியர்களுக்குத் திருமணம் என்றால் தேவாலயத்தில்தான். 1980-களின் தொடக்கத்தில், சோதனை செய்த சான்றிதழ் இல்லாமல் திருமணம் இல்லை என்று தேவாலயம் ஏற்றுக்கொண்டது. சான்றிதழில் முடிவு இருக்காது. சோதித்தாயிற்று, விளக்கம் சொல்லியாயிற்று என்பது மட்டும் இருக்கும். மணப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். இந்த நாசூக்கை நான் மதிக்கிறேன்.

ஆனால் பெண்ணும் பிள்ளையும் பேசி முடித்து, ஊருக்குச் சொன்ன பிறகு வரும் முடிவைப் பார்த்து யார் விலகுவார்? பெரும்பாலோர் மணந்தே கொண்டார்கள். கருவைச் சோதித்தார்கள், நோய் இருந்தால் கலைத்தார்கள். கருக்கலைப்பைப் பாவம் என்று போதித்த அதே தேவாலயத்தின் சான்றிதழ், அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அது. நோயோடு பிறப்பது சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய நின்றுபோனது. தீவின் துருக்கியப் பகுதியிலும் திருமணத்துக்கு முன் சோதனை கட்டாயமானது.

உலகம் இதை வெற்றி என்கிறது. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. இருந்தாலும், அன்று ஊசியோடு உறங்கிய பிள்ளைகளில் பலர் வளர்ந்து, வேலைக்குப் போய், மணந்து, பிள்ளை பெற்று நடுவயதைக் கடந்திருக்கிறார்கள். தங்களைப் போல இனி ஒருவரும் பிறக்கவில்லை என்ற செய்தியை அவர்களும் நாளிதழில் படித்திருப்பார்கள்.